நாடாக் கணக்கு

எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கணக்கு அண்ணன்தான். வெண்பட்டு வேட்டி நெய்வது தொழில்; ஆட்சி அமைப்பது உபதொழில்.

அவருடைய தேர்தல் சாஸ்திரம் தறிக்குழிக்குள் பிறந்தது. "நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுச்சுன்னா, அடுத்த மிதிக்குத் திரும்பி வந்தாகணுமுங்க. 89ல அவங்க, 91ல இவங்க, 96ல அவங்க, 2001ல இவங்க, 2006, 2011... எங்கியாச்சும் தப்புச்சா?" 1984 என்று யாராவது இழுத்தால் கையமர்த்துவார். "எம்.ஜி.ஆர். அமெரிக்கா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஜெயிச்சாரு. அது சாமி காரியம், கணக்குல வராது."

2016 மே 16. ஓட்டுப்பதிவு முடிந்த சாயங்காலமே பெரும்பாலான டிவிக்காரர்கள் தி.மு.க. என்றார்கள். அண்ணனுக்குக் கால் தரையில் படவில்லை. பத்து தட்டுவடை செட் பந்தயம் என்றார். எதிர்த்துக் கட்டியது, தார் சுற்றும் பெரியம்மா. "கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. நான் ரெட்டலையில குத்துனேன், அவ்ளோதான்."

19ஆம் தேதி ஒன்பது மணிக்கு, "தபால் ஓட்டுங்க." பத்தரைக்கு, "இன்னும் எத்தனை ரவுண்டு கெடக்குது!" பன்னிரண்டுக்குத் தெருவில் சரவெடி, அண்ணன் தறியில் இருந்தார். 32 வருஷம் கழித்து ஆண்ட கட்சியே திரும்ப வந்துவிட்டது. அ.தி.மு.க. 134. இரண்டு கூட்டணிக்கும் ஓட்டில் ஒரு சதவீதம்தான் வித்தியாசம். மூன்றாவது அணி பிரித்த ஓட்டு பாதி கதையைச் சொல்லும். அண்ணன் அதையெல்லாம் தொடவேயில்லை. "அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் தள்ளி வெச்சிருக்காங்கல்ல? 234ம் முடியட்டும், செட்டு வாங்கித் தாரேன்."

தோற்றவர்கள் வாய்தா வாங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேர்தல் கமிஷனிடமே வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

அந்த இரண்டும் நவம்பர் 22ஆம் தேதி எண்ணப்பட்டு, அவையும் இரட்டை இலைக்கே போயின. அண்ணன் மறுபேச்சில்லாமல் தள்ளுவண்டிக்கு வந்து, புத்தம்புது 2000 ரூபாய்த் தாளை நீட்டினார். பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து இரண்டு வாரம்; ஊரே சில்லறைக்கு அலைந்த நேரம். கடைக்காரர் தாளைப் பார்த்துக் கும்பிட்டார். "பாருங்க பெரியம்மா, நான் கொடுக்கத்தான் வந்தேன்" என்றார் அண்ணன், முகம் மலர.

பெரியம்மா சுருக்குப்பையை அவிழ்த்துப் பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணி வைத்தார். "எங்கிட்டக் கடன் வெச்சுக்க சாமி."

தட்டைக்கு மேல் தட்டை, நடுவில் பீட்ரூட் துருவலும் வெங்காயமும், இரண்டு நிறத்தில் சட்னி. அண்ணன் மூன்றாவது செட்டை வாயில் போடும்போது பெரியம்மா கேட்டார்: "அது கெடக்கட்டும், அன்னிக்கு நீ எதுல குத்துன?"

நொறுக்கும் சத்தம் நின்றது. சட்னியைத் துடைத்துக்கொண்டார்.

"கைத்தறிக்கு 200 யூனிட் கரண்டு இலவசம்னு சொன்னாங்களே, பெரியம்மா..."