அரும்பனை இயல்: சென்னை மாடித் தோட்டங்களை முன்வைத்து

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் இன்னும் மிச்சம் நிற்கிறது. அதை அண்ணாந்து பார்ப்பவர் அருகிவிட்டனர். அதே பனைக்குப் பங்காளி முறையான பிஸ்மார்க் பனை, மடகாஸ்கரிலிருந்து வந்து, நீலச்சாம்பல் பூத்த விசிறி ஓலையோடு நீலாங்கரை மதில் ஒன்றின் மேல் எட்டிப் பார்த்தால் போதும், காரை ஓரங்கட்டிவிட்டுப் படம் பிடிக்கிறார்கள். இந்த ஓரவஞ்சனையின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், அரும்பனை என்பது யாது? உலகில் பனைக் குடும்பத்து இனங்கள் 2,500-க்கும் மேல் உண்டு. அவற்றுள் எது அரியது என்பதற்குத் தாவரவியலார் காட்டை அளந்து விடை சொல்வர். அது நமக்கு உதவாது. அடுத்த தெருக்காரரிடம் இல்லாத பனையே அரும்பனை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. சான்று: நரிவால் பனை. ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கேப் மெல்வில் பகுதியின் பாறைக் குன்றுகளில் மட்டும் இருந்த இதற்கு 1983-இல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். அடுத்த பத்தாண்டில் அதன் விதையைத் திருடிக் கடத்துமளவுக்குக் கிராக்கி. இன்று ஐ.டி. பூங்கா வாசல்தோறும் வரிசை கட்டி நிற்கிறது. கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது. மரம் அதே மரம்தான். ஆர்வலர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதிலிருந்து அருமை மரத்தில் இல்லை, மதிலின் இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது பெறப்படும்.

அற்றேல், உலகில் ஒன்றே ஒன்று எஞ்சிய பனை அரியதன்றோ எனின், மொரீஷியஸின் க்யூர்பீப் பூங்காவில் அப்படி ஒன்று வேலிக்குள் நிற்பது உண்மையே. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் இருந்தும், ஒன்று மலரும் காலத்தில் மற்றது மலராததால் சந்ததி இல்லை. ஆனால் அதை யாரும் வாங்க முடியாது. வாங்க முடியாததை வைத்து யாரையும் வயிறெரியச் செய்ய இயலாதாகலின், அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இனி, ஆர்வலர் வளர்ப்பது மரம்தானா என்பதிலும் ஐயம் உண்டு. புறத்தே வைரம் உடையவை புல், அகத்தே வைரம் உடையவை மரம் என்று தொல்காப்பியம் மரபியலில் வகுக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் புல். தாவரவியலும் ஏறக்குறைய உடன்படுகிறது; ஆண்டு வளையம் கிடையாது, ஒருவித்திலை. ஆக, ஆயிரக்கணக்கில் பணம் போட்டு அவர் மாடியில் வைத்திருப்பது புல் என்று வீட்டார் சொன்னால், அதற்கு இலக்கண ஆதாரம் இருக்கிறது.

வளர்க்கும் முறைக்கு வருவோம். பிஸ்மார்க் விதையும் நம் பனங்கொட்டை மாதிரிதான். முளை மேலே வராமல் முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். மாதக்கணக்கில் தொட்டியில் வெறும் மண். அந்நாட்களில் ஆர்வலர் படும் பாடு தனி ஆய்வுக்குரியது. தோண்டிப் பார்க்கக் கை துடிக்கும். தோண்டினால் முளை முறியும். பொங்கலுக்குப் பனங்கிழங்கு தோண்டி அவித்துத் தின்றே பழகிய மரபில் வந்தவரிடம் இந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது கொடுமை.

சென்னையின் வெயில் பெரும்பாலான பனைகளுக்கு உகந்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் தூங்குமூஞ்சி மரங்களை வேரோடு சாய்த்தபோது, தென்னைகள் பல வளைந்து கொடுத்து நின்றன. தண்டெங்கும் நார்க்கற்றை சிதறிக் கிடப்பதன் பயன் அது. ஆனால் ஆர்வலரின் உள்ளம் தாங்குகிற இனத்தில் நிற்பதில்லை. செக்கச்செவேலென்ற தண்டுடைய, மலேயாச் சதுப்பில் பிறந்த லிப்ஸ்டிக் பனையைக் கொண்டுவந்து உப்புக்காற்றிலும் போர்வெல் தண்ணீரிலும் வைப்பார். ஓலை நுனி கருகும். உடனே கேன் தண்ணீர் வாங்கி ஊற்றத் தொடங்குவார்.

இதைவிடப் பெரிய அச்சம் சிவப்புக் கூன்வண்டு. பெரும்பாலான பனைகளுக்குத் தண்டொன்றுக்கு ஒரே குருத்து. அது போனால் அந்தத் தண்டே போயிற்று. புழு உள்ளே இருந்து தின்னும் ஓசை, காதை வைத்துக் கேட்டால் கேட்கும். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் விடிகாலையில் மரத்தைக் கட்டிப்பிடித்துக் காது வைத்து நிற்பதை எதிர்வீட்டார் வேறு விதமாகப் புரிந்துகொண்டால், குற்றம் எதிர்வீட்டார் மேல் இல்லை.

விருந்தினருக்குக் காட்டும் சடங்கு சுருக்கமானது. "சார், இது ஈச்சமரமா?" என்பர். இலத்தீனில் பதில் வரும். "காய்க்குமா?" என்பது இரண்டாம் கேள்வி. "காய்க்கும், சாப்பிட முடியாது." மூன்றாம் கேள்வி எழுந்ததாகச் சான்றில்லை.

இறுதியாகத் தாளிப்பனை. ஓலைச்சுவடிக்கு ஓலை தந்த மரம். முப்பது முதல் எண்பது ஆண்டு வரை சும்மா நின்றுவிட்டு, ஒரே ஒருமுறை உச்சியில் பல லட்சம் பூக்களைச் சொரிந்து, காய்த்து, மடியும். அந்த ஒரு பூப்புக்காகவே அதை நடுகிறார்கள். சென்னையிலோ தனிவீட்டின் ஆயுள் அவ்வளவு இல்லை. மரத்துக்கு நடுவயது வருமுன்னே ஜாயின்ட் வென்ச்சர் பேச பில்டர் வந்துவிடுகிறார். எனவே ஒப்பந்தப் பத்திரத்தில், மரம் பூத்து முடியும்வரை இடிக்கும் பணி தொடங்கலாகாது என்றொரு விதி சேர்க்கப்பட வேண்டும். பில்டர் தரப்பின் மறுப்பையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. தாளியின் ஓலை 5 மீட்டர் அகலம் வரை விரியும். கார் நிறுத்தும் இடத்தின் அகலம் 2.5 மீட்டர். ஓர் ஓலைக்கு இரண்டு கார் என்று அவர் சொல்வார். கணக்கில் பிழையில்லை.