யார் பேருக்கு வந்தாலும்

ஹைதராபாத்தில் கதவு எண்ணை வைத்துக்கொண்டு யாரும் வீடு கண்டுபிடித்ததாகத் தகவல் இல்லை. ஜூபிலி ஹில்ஸ் பக்கம் பல வீடுகளின் விலாசம் 8-2-293/82 என்று தொடங்கும். பிறகு ஓர் 'ஏ' வரும், பிறகு ஒரு பெரிய நம்பர் வரும், அதற்கு மேல் கடவுள் விட்ட வழி. டெலிவரி பையன்கள் அதைப் படிப்பதே கிடையாது. போன் போட்டு, "சார், லேண்ட்மார்க் செப்பண்டி" என்பார்கள். பெத்தம்ம தல்லி கோயிலில் ஆரம்பித்து இரானி டீக்கடை வரை சொல்லி முடித்த பிறகு பார்சல் எப்படியோ வாட்ச்மேன் கைக்குப் போய்ச் சேரும். இங்கே அப்பார்ட்மென்ட்டில் வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்துக்குச் செல்லார் என்று பெயர். அங்கேயே குடும்பத்தோடு இருக்கும் வாட்ச்மேன், எந்த ஃபிளாட், ஆள் இருக்கிறாரா, காலி பண்ணிப் போய் வருஷமாகிறதா என்றெல்லாம் விசாரிக்கமாட்டார். வந்தது எதுவானாலும் வாங்கி வைப்பார்.

மின்னஞ்சலில் இந்த வாட்ச்மேனுக்குக் கேட்ச்-ஆல் என்று பெயர். சொந்தமாக ஒரு டொமைன் வாங்கினால் @ குறிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் நமக்குப் பட்டா போட்ட நிலம். முன்னால் ஒருவர் என்ன பெயரைப் போட்டு எழுதினாலும், அப்படி ஒரு பிறவியே நம் குடும்பத்தில் இல்லாவிட்டாலும், கடிதம் ஒரே பெட்டியில் வந்து விழும்படி செய்யலாம். இரண்டு நிமிஷ வேலை. விளைவுகள் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

என் மாமியார் வெஸ்ட் மாரேட்பள்ளியில் பொடி செய்து விற்கிறார். கந்திப்பொடியும் காரப்பொடியும் வீட்டுக்கு வீடு அரைக்கிற ஊரில் போய்ப் பருப்புப்பொடி விற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் இருக்கிறது. பத்மாராவ் நகர், மல்காஜ்கிரித் தமிழர்கள் நேரில் வந்து வாங்கிக்கொள்வார்கள். கச்சிபௌலியிலும் கொண்டாப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக என் மனைவி ஒரு டாட் இன் டொமைன் வாங்கிக் கடையை இணையத்தில் ஏற்றினாள். மெயில் அமைத்துக் கொடுக்கும் வேலை மாப்பிள்ளைக்கு வந்தது. 'ஆர்டர்@' என்று ஒரே முகவரி போதும் என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் மாமனார் வந்து உட்கார்ந்தார்.

மாமனார் ஆர்.எம்.எஸ்.காரர். ரயில்வே மெயில் சர்வீஸில், ஓடுகிற ரயிலில் நின்றபடியே தபால் பிரித்தவர். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தபோது அதை அவர் முழு மனதோடு வரவேற்கவில்லை. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் விலாசம், எல்லாம் சேர்ந்து குழம்பியதால்தான் ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் அந்த ஆறு இலக்கத்தைக் கொண்டுவந்தார். மாமனாரைக் கேட்டால், குழப்பம் பொதுமக்களுக்குத்தான், சார்ட்டருக்குக் கிடையாது என்பார்.

"மாப்பிள்ளை, யாராவது ஸ்பெல்லிங் தப்பா போட்டா என்ன ஆகும்?"

"திரும்பிப் போயிடும் மாமா. அப்படி ஒரு ஆள் இல்லைன்னு சர்வரே சொல்லிடும்."

"விசாரிக்காமயேவா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, வேறு வழிகளும் உண்டு என்று கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். சி-பேனல் என்கிற அந்தப் பலகையில், ஆள் இல்லாத முகவரிக்கு வரும் கடிதத்தை என்ன செய்வது என்று கேட்கும். பிழை சொல்லித் திருப்பலாம். ஒரு பெட்டிக்கு அனுப்பலாம். சத்தமில்லாமல் அழித்துவிடலாம், இதற்கு அவர்கள் வைத்த பெயர் பிளாக்ஹோல். மூன்றாவதற்கு நான் விளக்கம் சொன்னதும் மாமனார் எழுந்தே விட்டார். "தபாலைக் கிணத்துல போடறதுக்கு ஒரு பட்டனா? எங்க சர்வீஸ்ல இதைப் பண்ணினா வேலையை விட்டே அனுப்பிடுவா!"

கேட்ச்-ஆல் அன்று மாலை அமலுக்கு வந்தது.

நியாயமாகச் சொன்னால், ஆரம்பம் நன்றாகவே இருந்தது. 'ஆடர்@' என்று ஒருவர், 'ஆர்டர்ஸ்@' என்று ஒருவர், 'மொளகாப்பொடி@' என்று உரிமையோடு ஒருவர். எல்லாம் உண்மையான ஆர்டர்கள். ஒவ்வொன்றையும் மாமனார் தன் சர்வீஸ் ரெக்கார்டில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு டேவிட் வந்தார்.

டேவிட்டுக்குக் கடன் தருகிறோம் என்று ஒரு கடிதம். டேவிட்டின் தலைமுடி மறுபடி வளரும் என்று ஒன்று. டேவிட்டைச் சந்திக்க ஒரு பெண் ஆவலாக இருப்பதாக ஒன்று. "யாருன்னா அந்த டேவிட்?" என்று மாமியார் கேட்டது சாதாரணக் குரலில் இல்லை. பின்னாலேயே மேரியும் ராபர்ட்டும் வந்து சேர்ந்தார்கள்.

இதன் சூட்சுமம் எளியது. குப்பை மெயில் அனுப்புகிறவர்கள் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். டேவிட் இருக்கிறாரா என்று அவர்கள் சர்வர் கேட்கும். ஆள் இல்லையென்றால் நம் சர்வர் 550 என்று சொல்லி அனுப்பிவிடும். இருந்தால் 250, அதாவது சரி, கொடு. கேட்ச்-ஆல் வைத்த வீட்டில் யாரைக் கேட்டாலும் 250தான். மேரி? இருக்கிறாள். ராபர்ட்? உள்ளே குளிக்கிறார். இப்படி ஒரு வீடு அகப்பட்டால் யார்தான் விடுவார்கள்?

டேவிட்டையாவது சமாளித்துவிடலாம். 'ஹெச்ஆர்@' என்ற முகவரிக்கு வரத் தொடங்கியவற்றைத்தான் சமாளிக்க முடியவில்லை. அமீர்பேட்டை மைத்ரிவனம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஜாவா, பைத்தான், டெஸ்டிங், கிளவுட் என்று போர்டுக்கு மேல் போர்டாகப் பயிற்சி மையங்கள். படித்து முடித்த பிள்ளைகள் கண்ணில் பட்ட டொமைனுக்கெல்லாம் 'ஹெச்ஆர்@', 'கேரியர்ஸ்@', 'ஜாப்ஸ்@' என்று போட்டு ரெஸ்யூமே அனுப்புகிறார்கள். எங்கள் பொடிக்கடைக்கும் வந்தது. தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்கேற்று, என் திறமைகளையும் வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன். இப்படிக்கு, ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். அடுப்பில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த மாமியார் இருமலுக்கு நடுவே சொன்னார்: "காம்பு கிள்ளத் தெரியுமான்னு கேளுங்கோ."

அதோடு விட்டிருக்கலாம். கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது மாமனார் ஜாதகத்திலேயே கிடையாது. 'மேற்படி கடிதம் பார்வைக்கு வந்தது' என்று ஆரம்பிக்கும் இலாகா ஆங்கிலத்தில், தங்கள் தகுதிக்கு ஏற்ற பணியிடம் தற்சமயம் இல்லை, தங்கள் தந்தையாரின் உடல்நலம் குறித்து அறிய ஆவல் என்கிற ரீதியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார். பதில் எழுதுகிற ஹெச்ஆர் ஹைதராபாத்தில் அபூர்வப் பிராணி. செய்தி எந்த வாட்ஸ்அப் குரூப்பில் பரவியதோ, ரெஸ்யூமேக்கள் இரட்டிப்பாயின. குண்டூர்ப் பையன் ஒருவன் நன்றிக் கடனாகக் கால் கிலோ பருப்புப்பொடி வாங்கினான். காரம் போதவில்லை என்று எழுதினான். வேலை கேட்டவர்களில் வாடிக்கையாளரானது அவன்தான்.

நடுவில், நாங்கள் அனுப்பாத கடிதங்கள் திரும்பி வரவும் ஆரம்பித்தன. எவனோ எங்கள் டொமைன் பெயரைப் பொய்யாகப் போட்டு ஊரெல்லாம் குப்பை அனுப்ப, ஆள் இல்லாத இடங்களிலிருந்து வந்த திருப்பல்களையும் கேட்ச்-ஆல் அன்போடு வாங்கிக்கொண்டது. எஸ்.பி.எஃப்., டிமார்க் என்று தடுப்பு மருந்துகள் உண்டு, போட்டேன்.

மற்றவர் கடிதம் வந்து குவிவது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சியாட்டிலைச் சேர்ந்த செட் ஃபாலிசெக் என்பவர் 2000-ல் டூநாட்ரிப்ளை டாட் காம் என்ற டொமைனை வாங்கி வைத்தார். பதில் எழுதாதீர்கள் என்று சொல்ல விரும்பிய வங்கிகளும் கம்பெனிகளும், அப்படி ஒரு டொமைன் நிஜமாகவே இருக்கும் என்று யோசிக்காமல், அனுப்புநர் இடத்தில் அந்தப் பெயரையே போட்டன. அவற்றின் வாடிக்கையாளர்கள் எழுதிய பதில்கள் எல்லாம் அவர் பெட்டிக்கு வந்தன. 2008-ல் வாஷிங்டன் போஸ்ட் இதை எழுதியது. அதைவிடப் பெரிது ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் கதை. அமெரிக்க ராணுவத்தின் டொமைன் டாட் எம்.ஐ.எல்.; மாலியுடையது டாட் எம்.எல். நடுவில் ஒரு எழுத்து விடுபட்டால் கடிதம் கண்டம் தாண்டிவிடும். மாலி டொமைனை நிர்வகித்துவந்த டச்சுக்காரர் யோஹானஸ் ஸூர்பியர், 2023 ஜனவரியிலிருந்து அப்படி வழிதவறி வந்தவற்றைச் சேர்த்துவைத்தார். அந்த ஜூலைக்குள் ஏறத்தாழ 1,17,000. அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் இந்தோனேசியா போகும் பயண விவரமும் அதில் இருந்தது. அனுப்பியவர்கள் அத்தனை பேரும் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

மாமனார் மனம் மாறியதும் இந்த இடத்தில்தான். டேவிட்டால் அல்ல, ரெஸ்யூமேயாலும் அல்ல. எங்கள் டொமைனுக்கு ஒரு எழுத்து தள்ளி வேறொரு நிறுவனத்தின் டொமைன் இருக்கிறது. அவர்களுக்குப் போகவேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை எங்களிடம் வந்தது. யாரோ ஒருவரின் சர்க்கரை அளவு, வயது, பெயர் எல்லாம் திரையில் விரிந்து கிடந்தது. மாமனார் சட்டென்று லேப்டாப்பை மூடினார். தபால் இலாகாவில் உரியவர் கிடைக்காத கடிதத்தைப் பிரிக்க ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீசுக்கு மட்டும்தான் அதிகாரம். முன்பு டெட் லெட்டர் ஆபீஸ் என்பார்கள். அனுப்பியவர் யார் என்று பார்ப்பதற்கு மட்டுமே அங்கே பிரிப்பார்கள். "நாம ஆர்.எல்.ஓ. இல்லையே மாப்பிள்ளை" என்றார். திருப்பி அனுப்பியிருந்தால் அனுப்பியவர் அப்போதே தெரிந்துகொண்டிருப்பார் அல்லவா என்று அவரே கேட்டார். 550க்கு அவரிடமிருந்து கிடைத்த முதல் மரியாதை அது.

கேட்ச்-ஆலால் ஒரு நல்ல உபயோகமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பில் போடும் இடத்தில் மெயில் ஐடி கேட்டால் என் மனைவி அந்தந்தக் கடைப் பெயரையே முன்னால் போட்டு ஒரு முகவரி சொல்லிவிடுவாள். முன்கூட்டியே உருவாக்க வேண்டியதில்லை. ஒரு புடவைக் கடைக்கு மட்டும் கொடுத்த முகவரிக்கு, ஷாத்நகரில் ஓப்பன் பிளாட், யாதாத்ரி பக்கம் ஓப்பன் பிளாட், ரீஜனல் ரிங் ரோடு வந்தால் விலை எங்கேயோ போய்விடும் என்று வரிசையாக வந்தது. யார் விற்றார்கள் என்று கையும் களவுமாகத் தெரிந்தது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அவள் புடவைக் கடையையே மாற்றிக்கொண்டாள். சட்டத்தைவிட அது வேகமாக வேலை செய்தது. இந்த வசதி மட்டும் வேண்டுமென்றால் இதற்கென்று தனியாக ஒரு டொமைன் வாங்கி அதில் கேட்ச்-ஆல் வைத்துக்கொள்ளலாம். கடை நடத்தும் டொமைனில் கூடாது.

இப்போது பொடிக்கடையில் கேட்ச்-ஆல் கிடையாது. 'ஆர்டர்@', அதன் வழக்கமான எழுத்துப் பிழைகள் சில, 'இன்ஃபோ@'. எல்லாம் ஒரே பெட்டிக்கு வரும். கூடவே 'போஸ்ட்மாஸ்டர்@' என்று ஒன்று. டொமைன் வைத்திருக்கும் எவரும் அந்த முகவரியை வைத்திருந்தே ஆகவேண்டும் என்று 1982-லேயே ஆர்.எஃப்.சி. 822 என்ற ஆவணத்தில் விதி செய்துவிட்டார்கள். சார்ட்டிங் அசிஸ்டென்டாக ஓய்வுபெற்ற மாமனார் இந்தப் பதவி உயர்வை மறுக்கவில்லை.

அமீர்பேட்டைத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: 'ஹெச்ஆர்@' மூடியாகிவிட்டது, இனி 550தான் வரும். பொடி வேண்டுமானால் 'ஆர்டர்@' என்று எழுதுங்கள். குண்டூர்க்காரர்கள் காரம் கூடுதலாக வேண்டும் என்று அதிலேயே குறிப்பிட்டுவிடவும்.