நாற்கம்பிக் கருவியின் முதற்பதிவுகள்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

புதிதாக வாங்கிய மின் பேஸ் கிற்றாரைப் பற்றி அதன் சொந்தக்காரர் சொல்லும் எதையும் ஆய்வுலகம் சான்றாக ஏற்கக் கூடாது. அவர் காசு கொடுத்தவர். காசு கொடுத்த கண்ணுக்குக் கழுத்தின் கோணல் தெரியாது, பூச்சில் உள்ள கீறல் தெரியாது. தெரிந்தாலும் வாய் திறக்காது. ஆகையால், கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் என் ராத்தா வீட்டு விறாந்தையில் அண்மையில் பை அவிழ்க்கப்பட்ட ஒரு கருவியை, அதை வாங்காதவர்களும் வாங்க நினைக்காதவர்களும் அதன் பெயரையே கேள்விப்படாதவர்களும் சொன்னவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வாங்கியவன் ராத்தாவின் மகன், என் மருமகன். இங்கே அவன் தகவலாளி மட்டும். தகவலாளிக்குக் கருத்துரிமை கிடையாது.

கருதுகோள் இதுதான். பேஸ் கிற்றாரின் முதற்பதிவில் ஓசைக்குப் பங்கே இல்லை. பார்ப்பவர் தத்தம் தொழிலைக் கொண்டு அதைப் படிக்கிறார். ஓசை கடைசியாக வருகிறது; வரவேண்டிய ஆளிடமும் அது வருவதில்லை.

முதலில் உடலளவு. கருவியின் நீளம் ஏறக்குறைய 46 அங்குலம், எடை நாலு கிலோவை அண்டியது. கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். 1951இல் கலிபோர்னியாவின் புலர்ட்டன் ஊரில் லியோ பெண்டர் சந்தைக்கு விட்ட பிரிசிஷன் பேஸில் இருந்த அளவு அது. இன்றுவரை உலகம் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு முன்பே, 1930களில், சியாட்டிலில் போல் டட்மார்க் என்பவர் இப்படி ஒன்று செய்து விற்கப் பார்த்தார், ஊரில் எடுபடவில்லை. பெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. அவர் ரேடியோ திருத்துகிறவர். வாசிக்கத் தெரியாதவர் செய்த கருவியைப் பற்றி வாசிக்கத் தெரியாதவர்கள் கருத்துச் சொல்வதில் முறையியல் குற்றம் எதுவும் இல்லை என்பதை இங்கேயே பதிந்துவிடுகிறேன்.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்ஸில் விடிய முன்னர் இறங்கி, முதுகில் நீளமான கறுப்புப் பையோடு நடந்துவந்த மருமகனைக் கண்டதும் நாற்பது வயதைத் தாண்டியவர்களின் கை தன்னால் அடையாள அட்டையைத் தேடியது. முப்பது வருடப் போர்க்காலச் சோதனைச்சாவடிப் பழக்கம் அது. இருபது வயதுக்காரர்கள் செல்பி எடுத்தார்கள்.

இனிக் கம்பிகள். பை திறந்ததும் முதற் கூற்று ராத்தாவுடையது: "இதென்ன மகன், ரெண்டு கம்பி குறையுது? கடக்காரன் ஒன்னப் பேயனாக்கிப் போட்டானே!"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆய்வாளன் சிரிக்கவில்லை. சாதாரணக் கிற்றாரின் ஆறு கம்பிகள் கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. பேஸில் இருப்பவை இவற்றுள் முதல் நாலும், ஒரு ஸ்தாயி கீழே இறக்கப்பட்டு. மெல்லிய இரண்டும் இல்லை. ஆகவே ராத்தாவின் கூற்று இலக்கணப்படி முழுச் சரி. கடைக்காரர் ஏமாற்றினார் என்ற பகுதி மட்டும் நிறுவப்படவில்லை; மருமகன் விலையைச் சொல்ல மறுப்பதால் அதை மறுக்கவும் வழியில்லை.

நாலு என்ற எண்ணிக்கைக்கு நியாயம் தேடி ஆய்வு மேற்கே பக்தாத் வரை போகவேண்டி வந்தது. அப்பாசியர் காலத்து ஊத் என்னும் நரம்புக் கருவிக்கு நாலு நரம்புகள்: பம், மஸ்லஸ், மஸ்னா, ஸீர். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் நாலாஞ்சுர இடைவெளி. பேஸ் கிற்றாரின் நாலு கம்பிகளுக்கும் இடையில் இருப்பதும் அச்சொட்டாக அதே இடைவெளி. 950இல் இறந்த அல்-பாராபி தம் இசைப் பெருநூலில் எழுதிவைத்த சுருதிமுறையை, புலர்ட்டனின் ரேடியோக்காரர் பத்து நூற்றாண்டு பிந்தி எடுத்து ஒரு மரப்பலகையில் பூட்டிவிட்டார் என்று முடிவு கட்ட எனக்கு ஆசை. ஐரோப்பியக் கொன்ட்ரபாஸ் என்னும் பெரிய நரம்புக் கருவி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று படித்த நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். அவருடைய ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டு ஒதுக்கி வைக்கப்பட்டது.

இதைவிடச் சுவையான செய்தி, 822இல் ஸ்பெயினின் குர்துபா நகரம் வந்துசேர்ந்த ஸிர்யாப் என்ற ஊத் கலைஞரைப் பற்றியது. அவர் காலத்து நம்பிக்கையில் ஊத்தின் நாலு நரம்புக்கும் உடம்பின் நாலு நீருக்கும் உறவு உண்டு. ஸீர் பித்தம், மஞ்சள் நிறம். மஸ்னா இரத்தம், சிவப்பு. மஸ்லஸ் சளி, வெள்ளை. எல்லாவற்றிலும் தடித்துத் தாழ்ந்த பம், கரும்பித்தம்: மனச்சோர்வின் நரம்பு, கறுப்பு. என் மருமகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பொழுதெல்லாம் தட்டுவது தடித்த ஈ கம்பியை மட்டும்தான். ராத்தா இதற்கு ஒரு பெண் பெயரைக் காரணமாகச் சந்தேகிக்கிறா. நான் ஸிர்யாபைக் காரணமாகச் சொன்னேன். அந்தப் பெயரில் சாய்ந்தமருதில் யாரையும் தனக்குத் தெரியாது என்றா.

அவ்வளவு தூரம் போகாமல் அடுத்த ஊருக்குப் போனாலும் ஆதாரம் உண்டு. சாய்ந்தமருது எல்லையைத் தாண்டினால் காரைதீவு. விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்ற அந்தத் துறவி, வழக்கொழிந்துபோன யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். அதே ஆண்டில் காலமானார். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7. அந்தக் கணக்கோடு பார்த்தால் ராத்தாவின் குறை இன்னும் பெரிதாகிறது. ஆகையால் அவவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் நரம்புக் கருவியை ஆராய இந்தக் கரையோரத்துக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள், பிரதான வீதியில் ஓட்டோ பிடித்துக் காரைதீவில் இறங்கி விசாரித்துக்கொள்ளலாம்.

மற்றத் தொழில்களின் கூற்றுகளைச் சுருக்கித் தருகிறேன். கடலுக்குப் போகிற மச்சான் கருவியைப் பார்க்கவேயில்லை, கம்பியை மட்டும் பார்த்தார். தடித்த கம்பியின் குறுக்களவு 2.7 மில்லிமீற்றர், உருக்கு நடுக்கம்பி, மேலே நிக்கல் பூசிய சுற்று. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தங்கூசியெல்லாம் இதுக்கிட்ட நிக்காது. அறுக்குளா கடிச்சாலும் அறாது. ரெண்டு பாகம் எடுத்துத் தாங்களன்" என்றார். பிறகு மருமகனைப் பார்த்து, உப்புக்காற்றுக்கு இது மாதக்கணக்கில் தாங்காது, துடைத்து எண்ணெய் போட்டு வை என்றார். பேஸ் வாசிப்பவர்கள் புதிதாக வாங்குபவர்களுக்குச் சொல்லும் முதலாவது புத்திமதியும் கிட்டத்தட்ட இதுதான்: வாசித்து முடிந்ததும் கம்பியைத் துடை.

மருதமுனையில் கைத்தறி போட்ட பெரியவர், எங்களுக்குச் சம்பந்தி முறை, நாலு கம்பியையும் புறங்கையால் தடவினார். "பாவு ஒரே இழுவையில இரிக்கணும் மகன். இது ஒண்டு தளதள எண்டு கிடக்கு, ஒண்டு முறுகிக் கிடக்கு." முறுக்காணியைத் தொடாமல், காதில் வைக்காமல், கையாலேயே சொன்னார். நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை எழுபது எண்பது கிலோ வரும். அதை ஈடுசெய்யக் கழுத்து மரத்தின் உள்ளே ஓர் உருக்குக் கோல் ஓடுகிறது. கச்சான் வீசும் மாதங்களில் மரம் வறண்டு சுருங்கி மெட்டுகளின் முனை விளிம்புக்கு வெளியே வந்து கையைக் கீறும். வாடையில் மரம் ஊறும். கோலை அதற்கேற்ப ஒரு சின்னச் சாவியால் முறுக்கியோ தளர்த்தியோ கொடுக்கவேண்டும். பெரியவருக்கு இதை விளக்கியபோது, மாரியில் தறி மரம் செய்யும் கூத்தெல்லாம் தமக்குத் தெரியும் என்று ஒரு கையசைப்பில் பாடத்தை முடித்துவைத்தார்.

மார்க்கப் புலத்தில் ஆய்வாளன் நுழையவில்லை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் பக்கீர்மார் தட்டும் றபானுக்குக் கிடைத்த இடம் நரம்புக்குக் கிடைத்ததில்லை. அந்த றபானுக்கும் இப்போது எல்லாரும் இடம் கொடுப்பதில்லை. இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா' நூலில் இசை செவிமடுத்தல் பற்றித் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்; தகுதியுள்ளவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். மருமகனின் வாப்பா தந்த நடைமுறைத் தீர்ப்பு இவ்வளவுதான்: அஸருக்குப் பிறகு, மஃரிப் வாங்குக்கு முன், கதவைச் சாத்திக்கொண்டு.

இப்போது ஓசைக்கு வருவோம். கருதுகோளின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மின் பேஸ், மின்சாரம் இல்லாமல் அநேகமாக ஊமை. உள்ளே வெற்றிடம் இல்லாத முழுப் பலகை காற்றை அசைக்காது. கம்பிக்குக் கீழே உள்ள பிக்கப் என்பது செப்புக்கம்பி சுற்றிய காந்தம். அது உருக்கின் அசைவை மட்டும் மின்னாக்கும். கருவிக்குக் காசு கரைந்துபோனதால் மருமகனிடம் அம்பிளிபயர் இல்லை. போனில் பதிவுசெய்து சவூதியிலுள்ள தம்பிக்கு அனுப்பினான். அங்கிருந்து வந்த பதில்: "காக்கா, கதவுலயா தட்டுறீங்க?" ஈ கம்பியின் அதிர்வு வினாடிக்கு 41 தடவை. போனின் பொட்டு ஸ்பீக்கரால் அந்தப் பள்ளத்துக்கு இறங்கவே முடியாது. மேலே மிதக்கும் கிளைச்சுரங்களையும் விரல் மோதும் சத்தத்தையும் மட்டும் கொடுக்கும். தம்பியின் காதில் பிழையில்லை.

பிறகு கல்முனை பஸாரில் ரேடியோ திருத்தும் காக்கா ஒருவரிடம் கொண்டுபோனோம். கருவியைக் கண்டு வியக்காத ஒரே ஆள் அவர். வயர் நுழையும் துளையைத் திருகிக் கழற்றி, ஒரு பற்றுக்குச் சூடு வைத்து, வீட்டு ரிவியோடு வந்த சப்வூபர் பெட்டியில் கொளுவ ஒரு வயர் செய்து தந்து, "மெல்லமா வைங்க, கூட்டினா கோன் கிழியும்" என்றார். பெண்டரும் இப்படி ஒரு கடையில்தான் தொடங்கினார்.

அன்று அஸருக்குப் பிறகு முதன்முதலாக உண்மையான ஓசை வந்தது. மருமகன் கேட்டது கொஞ்சம். ஈ கம்பியின் ஓர் அலையின் நீளம் 8.3 மீற்றர், அதாவது 27 அடி. அவனுடைய அறை பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு முழு அலைக்குப் படுத்து எழும்ப அங்கே இடமில்லை. சில மூலைகளில் ஓசை குவியும், நடு அறையில் காணாமற் போகும். நடு அறையில் கட்டிலில் இருந்தவன் அவன். முன்மண்டபச் சோகேஸில் வாப்பா ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த கோப்பைத் தொகுதி இருக்கிறது. யாருக்கும் தேநீர் ஊற்றப்படாமல் வருடக்கணக்காக அப்படியே. ஈ-க்கு அவை அசையவில்லை. டி-க்கும் இல்லை. ஏ கம்பியைத் தட்டியதும், வினாடிக்கு 55இல், ஒரு கோப்பை மட்டும் தன் தட்டில் கிணுகிணுவென்று சுற்றத் தொடங்கியது. ராத்தா ஓடிவந்து சோகேஸ் கண்ணாடியைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, "வேற எதையாச்சும் வாசி மகன், இதத் தவிர" என்றா. உலகப் பாட்டுகளில் பெரும்பகுதி அந்த ஒரு சுரத்தை மிதியாமல் போகாது என்பதைச் சொல்லும் துணிவு எங்கள் இருவருக்கும் வரவில்லை.

ஓசையை முழுதாகப் பெற்றவர் பக்கத்து வீட்டு மாமி. மெல்லிய உயர்ந்த ஒலிகளைச் செங்கல் மதில் தடுக்கும். தாழ்ந்த ஒலி மதிலைப் பொருட்படுத்தாது. ஆகவே வாசித்தவனுக்குக் கிட்டாத சுத்தமான அடிச்சுரம் அவர் குசினிக்குள் இறங்கியது. மதிலுக்கு மேலால் தலை தெரிந்தது. "தங்கச்சி, ஒங்கட கிணத்து மோட்டர் தண்ணியில்லாம ஓடுது போல. நிப்பாட்டுங்க, எரிஞ்சு போகும்."

இந்த ஆய்வில் கிடைத்த எல்லாக் கூற்றுகளிலும் நான் தலைவணங்குவது இதற்கு. இலங்கை மின்சாரத்தின் அலைவு வினாடிக்கு 50. மோட்டர் முனகுவது அதன் இரட்டிப்பான 100ஐ ஒட்டி. அந்நேரம் மருமகன் தட்டிக்கொண்டிருந்தது ஜி கம்பி: வினாடிக்கு 98. சுருதிப் பெட்டி இல்லாமல், அடுப்படியிலிருந்து, மதிலுக்கு அப்பால் நின்று, இரண்டு அதிர்வு வித்தியாசத்துக்குள் சுரம் பிடித்த காது கச்சேரி மேடைகளிலும் அரிது. மாமிக்கு நன்றி சொல்லி, மோட்டர் நிறுத்தப்பட்டது என்று அறிவிக்கப்பட்டது.

ஆனால் இந்த ஊருக்குப் பேஸ் புதிதா என்றால், இல்லை. கொழும்பு பஸ்களில் இளையராஜா பாட்டு ஓடாத இரவு கிடையாது. அவற்றில் அடியில் நடக்கும் பேஸ், பெரும்பாலும் சசிதரன் வாசித்தது, இளையராஜாவின் மைத்துனர். பின் சில்லுக்கு மேலுள்ள ஆசனத்தில் உட்கார்ந்து மட்டக்களப்பு வீதியில் போனவர்கள் எல்லாரும் அவரை முதுகெலும்பால் கேட்டவர்கள், பெயர்தான் தெரியாது. ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினும் றபானும் கிற்றாரும் கூடி வாசிக்கும் கப்றிஞ்ஞா இசையையும் சேர்த்தால் அது தனி ஆய்வாகிவிடும்.

எஞ்சியிருப்பது ஒரு விவகாரம். ஸிர்யாப் ஊத்துக்கு ஐந்தாவது நரம்பு ஒன்றைச் சேர்த்தார் என்றும், அதை உயிரின் நரம்பு என்றார்கள் என்றும் நான் விறாந்தையில் விளக்கிக்கொண்டிருந்தபோது மருமகன் இடம் கண்டுகொண்டான். "மாமா சொல்றது சரிதான் உம்மா. அஞ்சு கம்பிப் பேஸும் இரிக்கி. விலதான் கொஞ்சம் கூட."

"மெல்லிசுப் பக்கமா கூடுது?" என்று கேட்டா ராத்தா.

இல்லை, தடித்த பக்கம், பி, வினாடிக்கு 31. ஆறு கம்பிப் பேஸும் உண்டு, அதில் மேலே ஒரு சி சேரும். ராத்தா தேடும் மெல்லிய பி-யும் ஈ-யும் அதிலும் இல்லை. எல்லாவற்றையும் அவ பொறுமையாகக் கேட்டா.

"அப்ப ஆறு கம்பிக்கிக் காசு குடுத்தாலும் அந்த ரெண்டும் வராது. எல்லாக் கடைலயும் ஒரே ஆள்தான் கழட்டி எடுக்கான் போல" என்றா.