முற்பிறவிப் பணிப் பதிவேடு: எழுத்தாளர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: போன மாதம் கைமாற்றாக வாங்கிய ஐந்நூறு ரூபாய் எழுத்தாளருக்கு மறந்துபோகிறது. ஐயாயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த அரண்மனை மட்டும் மறப்பதில்லை. ஏன்?

கருதுகோள்: முற்பிறவி நினைவு உத்தியோகம் பார்த்துத்தான் வரும். அரசி, பூசாரி, மகாகவி என்றால் வரும். மாவரைத்தவள் என்றால் வராது.

சான்று 1: ரோமானியக் கவிஞர் என்னியுஸ் (கி.மு. 239–169). தம் ‘அன்னாலெஸ்’ காவியத்தைக் கனவோடு தொடங்கினார். கனவில் வந்த ஹோமர், தம் ஆவிதான் இப்போது என்னியுசுக்குள் இருக்கிறது என்றாராம். நடுவில் மயிலாகவும் ஒரு பிறவி. இங்கேதான் தணிக்கைக்காரர் பேனாவைத் திறக்கிறார். ஹோமர் காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு என்று வைத்தால், இடைவெளி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு. மயிலுக்கு ஆயுள் சுமார் இருபது. மீதி நானூற்றெண்பது ஆண்டும் பணிமுறிவா, ஊதியமில்லா விடுப்பா? பதிவேட்டில் குறிப்பில்லை. மயில் ஏதும் எழுதியதாகவும் தெரியவில்லை.

சான்று 2: ஆங்கில எழுத்தாளர் ஜோன் கிராண்ட். 1937-இல் வந்த இவரது ‘விங்ட் ஃபாரோ’வை வாசகர்கள் சரித்திர நாவல் என்றே வாங்கினார்கள். அதன் நாயகி செகீட்டா, எகிப்திய மன்னனின் மகள். அது கற்பனையல்ல, தம் சொந்த நினைவு என்றார் ஆசிரியர். படுத்தபடி அவர் சொல்லச் சொல்லக் கணவர் எழுதிக்கொண்டார். இம்முறையின் வசதி வெளிப்படை: நூலகம் போக வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டாம், “ஆதாரம் எங்கே?” என்பவரிடம், “நீ அப்போது அங்கே இருந்தாயா?” என்று கேட்டால் போதும்.

சான்று 3: டோரதி ஈடி (1904–1981). லண்டனில் மூன்று வயதில் மாடிப்படியில் உருண்டார். மருத்துவர் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றாராம். பிறகு வந்து பார்த்தால் பிள்ளை கட்டிலில் விளையாடிக்கொண்டிருந்தது. அன்று முதல் “வீட்டுக்குப் போகணும்” என்று அழுகை. வீடு என்பது எகிப்து. பின்னாளில் அங்கேயே குடியேறி, 1956 முதல் அபிடோஸ் என்ற ஊரில் வாழ்ந்து, அங்குள்ள பழங்கோயில்களைப் பற்றி எழுதினார். முற்பிறவித் தாய், அவர் கணக்கில், காய்கறி விற்றவள். நம் கருதுகோள் இங்கே ஆட்டம் காண்கிறது. நல்லவேளை, அக்காய்கறிக்காரி மகளை மன்னர் முதலாம் சேத்தியே காதலித்துவிட்டதால் பிழைத்தது.

விதிவிலக்குகள்: கிரேக்கக் கவி எம்பெடோக்ளிஸ், தாம் புதராகவும் மீனாகவும் இருந்ததை ஒளிக்கவில்லை. மாணிக்கவாசகரோ சிவபுராணத்தில் தம் பட்டியலைப் புல்லில் தொடங்குகிறார். புழு, மரம், பாம்பு, கல் எல்லாம் உண்டு. பேயும் உண்டு, தேவரும் உண்டு. எதையும் அவர் பெருமைக்குச் சொல்லவில்லை. எல்லாம் பிறந்து அலுத்துவிட்டது என்கிறார். மற்றவர்கள் பழைய பதவியைக் காட்டி மரியாதை கேட்கிறார்கள். இவர் ஒருவர்தான் பணி ஓய்வு கேட்டு மனுப் போட்டிருக்கிறார்.

முடிவு: தாழ்ந்த பதவிகளை நினைவில் வைத்திருக்கப் பெரிய மனசு வேண்டும். உயர்ந்தவற்றுக்கு நல்ல பதிப்பாளர் போதும்.

பரிந்துரை: அந்த ஐந்நூறைத் திரும்பக் கேட்பவர், “நைல் நதிக்கரையில் வைத்து இளவரசியார் கையில் கொடுத்தேனே” என்று தொடங்கிப் பார்க்கலாம். நினைவு வரக்கூடும்.