காசு கட்டினாத்தான் திரும்பி வரும், தம்பி

வா தம்பி, இப்பிடி குந்து. கையில இன்னா காகிதம்? "மண்டல அளவிலான நெகிழிச் சுழல் பொருளாதாரம்"! பேரைப் படிக்கவே மூச்சு வாங்குதே. அதுக்கு ஏசி ரூம்ல கூட்டமாம், வாசல்ல ஃபிளெக்ஸ் பேனராம். கவலைப்படாத. போன எலெக்‌ஷன் பேனரு எங்கூட்டு ஆட்டுக்கொட்டாய்க்குக் கூரையாக் கெடக்குது. எந்த நிபுணரு வந்து சுத்தி வுட்டாரு?

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்"னு தெருவுல கூவிக்கினு வருவானே, அவனை நீ பாத்திருக்க மாட்ட. அவனுக்காவ எங்காத்தா ஓட்டைக் குடத்தைக்கூட பரண்ல பத்திரமா வெச்சிருக்கும். ஏன்? அதுக்கு ஒரு வெலை இருந்துச்சு.

நீலகிரியில 2022-ல டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபா சேத்து வாங்குனாங்க. காலி பாட்டில் குடுத்தா காசு வாபஸ். காட்டுல பாட்டிலை ஒடச்சிப் போட்டவன், தள்ளாடிக்கினே கொண்டாந்து குடுத்தான். போதையிலயும் கணக்கு தப்பல பாரு!

தண்ணி பாட்டிலுக்கும் மவுசுதான். 2023 பிப்ரவரியில பிரதமர் நீலக் கோட்டு ஒண்ணு மாட்டிக்கினு நாடாளுமன்றத்துக்கு வந்தாரே, அது பாட்டிலை உருக்கி எடுத்த நூலு. துணி நம்ம கரூருது.

ஆனா ஷாம்பு பாக்கெட்டு? அந்தச் சின்னப் பாக்கெட்டு யாவாரத்துக்கு வழி காட்டுன சின்னி கிருஷ்ணன் நம்ம பக்கத்துக் கடலூர்க்காரருதான். ஏழைக்கும் ஷாம்பு கெடச்சுது, நல்லதுதான். ஆனா அடுக்கடுக்கா ஒட்டுன தாளைப் பிரிக்க முடியல. காயலாங்கடைக்காரன் கையால தொட மாட்டான். ஆடிக் கறக்குற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டைப் பாடிக் கறக்கணும். எல்லாத்தையும் ஒரே குப்பைத்தொட்டியில கொட்டிட்டு 'சுழற்சி'ன்னா சுழலுமா?

நம்ம தமிழ்நாட்டுல 2019 சனவரி 1-லேர்ந்து 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம். கல்யாண வூட்டுல மஞ்சப்பையிலதான் தாம்பூலம் குடுக்குறாங்க. உள்ள பாத்தா தேங்கா பிளாஸ்டிக் கவருக்குள்ள குந்திக்கினு இருக்குது!

நீ ரோட்டுல வுட்ட கவரு மழையில ஓடைக்குப் போவும். ஓடை கழுவெளி ஏரிக்குப் போவும், கழுவெளி கடலுக்குப் போவும். கடத்தண்ணியைப் பாத்தியில கட்டி உப்பு வாருறோம். 2018-ல ஐஐடி பாம்பேக்காரங்க கடையில விக்கிற உப்பை சோதிச்சதுல பிளாஸ்டிக் தூளு இருந்துச்சு. வீசினது சோத்துக்கே திரும்புது. இதைவிட ஒசந்த சுழற்சி ஒனக்கு எந்த மாநாட்டுல கெடைக்கும்?

அதனால சொல்றேன், கேளு. ஈரக் குப்பையில பிளாஸ்டிக்கைப் போட்டுப் பெசையாத. கழுவிக் காயவெச்சிக் குடு. காயலாங்கடைக்காரன்கிட்ட எட்டணாவுக்கு மல்லுக்கு நிக்காத. ஊரைக் காப்பாத்துறவன் அவன்தான். வித்தவனே திரும்ப எடுக்கணும்னு 2016-லயே விதி போட்டாச்சு. ஷாம்பு பாக்கெட்டுக்கும் நாலணா கட்டச் சொல்லி கம்பெனிக்காரனைக் கேளு. காசு கட்டி அனுப்புன பொருளு தானா வூடு திரும்பும். கூட்டம் போட்டா டீயும் பஜ்ஜியும்தான் வரும்.