அடித்தல் திருத்தலுடன் உலகம்

பிரான்சில் பிரதமர் ராஜினாமா என்று செய்தி வந்தால் பிரெஞ்சுக்காரர்கள் வருத்தப்படுகிறார்களோ இல்லையோ, ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் நாங்கள் நாலைந்து பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவோம். அந்தப் பிரதமர்மீது பாசமெல்லாம் கிடையாது. நோட்டில் மறுபடியும் அடித்து எழுத வேண்டுமே என்ற கவலைதான்.

2025 செப்டம்பரில் செபாஸ்டியன் லெகோர்னு பிரதமரானார். எழுதினேன். அக்டோபர் 5-ம் தேதி இரவு அமைச்சரவையை அறிவித்தவர், மறுநாள் காலையில் ராஜினாமா செய்தார். அடித்தேன். 10-ம் தேதி அதிபர் மக்ரோன் அதே லெகோர்னுவை மறுபடியும் பிரதமராக்கினார். அடித்த பெயருக்குக் கீழேயே அந்தப் பெயரை எழுத வைத்தார். நெப்போலியன்கூட எல்பா தீவிலிருந்து திரும்பி வரக் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டார்.

நான் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவன். குரூப் 4-ல் 200 கேள்விகள். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. அந்த 75-க்குள் வரலாறும் புவியியலும் அரசமைப்பும் கால் நீட்டிப் படுத்த பிறகு, ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பது நடப்பு நிகழ்வுகள். அதில் உலகச் செய்தி ஒன்று வரலாம், வராமலும் போகலாம். வரக்கூடும் என்ற அந்த ஒன்றுக்காக ஐ.நா.வின் 193 நாடுகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வருகிறேன். ஐ.நா. பொதுச்செயலாளரும் இதே வேலையைத்தான் பார்க்கிறார். அவருக்குச் சம்பளம் வருகிறது.

முதன்முதலில் எனக்கு நோட்ஸ் கொடுத்தவர் எங்கள் தெரு அண்ணன் ஒருவர். தேர்வில் தேறி வி.ஏ.ஓ. ஆகிப் போகும்போது சீர்வரிசை மாதிரி எடுத்துக்கொடுத்தார். அதில் கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானா என்று இருந்தது. 'பழசு' என்று சிரித்தபடி அதை அடித்துவிட்டு நூர்-சுல்தான் என்று எழுதினேன். பதவி விலகிய அதிபரைக் கௌரவிக்க 2019-ல் வைத்த பெயர் அது. 2022 செப்டம்பரில் அந்த நாட்டுக்காரர்களுக்கு அந்தக் கௌரவம் அலுத்துவிட்டது, மறுபடியும் அஸ்தானா. அதே ஊர் முன்பு அக்மோலின்ஸ்க், செலினோகிராட், அக்மோலா என்றெல்லாம் இருந்திருக்கிறது. எங்கள் கூட்டத்தில் நோட்டைத் திறந்தே பார்க்காத ஒருவன் உண்டு. அண்ணன் எழுதியதன் நகலை அப்படியே வைத்திருந்தான். மாதிரித் தேர்வில் அவனுக்கு அந்தக் கேள்வி சரி. உழைப்பின் மேன்மையைப் பற்றி அன்றிலிருந்து எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன.

அதே 2022 செப்டம்பரில்தான் எலிசபெத் மகாராணி காலமானார். டி.வி.யில் பார்த்துவிட்டு அம்மா, "படுக்கையில கெடக்காம போய்ச் சேந்துட்டா மகராசி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பேனாவைத் தேடினேன். செப்டம்பர் 8, பால்மோரல் மாளிகை, வயது 96, ஆட்சி 70 ஆண்டு. "எழவு வீட்டுல கணக்கு எழுதுற மொய்க்காரன் மாதிரி இருக்கியேடா" என்றார் அம்மா. மறுக்க முடியவில்லை. சாவதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த அம்மையார் லிஸ் டிரஸ்ஸைப் பிரதமராக நியமித்திருந்தார். டிரஸ்ஸின் ஆட்சி 49 நாள். இவர் தாக்குப்பிடிப்பாரா, ஒரு லெட்டூஸ் கீரை வாடாமல் தாக்குப்பிடிக்குமா என்று ஒரு லண்டன் பத்திரிகை கீரைக்கு விக் மாட்டி நேரலையில் காட்டியது. கீரைதான் ஜெயித்தது. இது கேள்வியாக வந்தால் 200-க்கு 200 வாங்கும் அளவுக்கு எனக்கு மனப்பாடம். வரவில்லை, வரவும் வராது.

தென்கொரியா இன்னும் மோசம். 2024 டிசம்பர் 3 அன்று, நம் கணக்கில் மாலை ஏழு மணி வாக்கில், அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். சூட்டோடு சூடாக நோட்டில் ஏற்றிவிட்டு, ஒரு நாளின் வேலை முடிந்த நிம்மதியில் தூங்கப் போனேன். எம்.பி.க்கள் சிலர் சுவரேறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போய் அதை எதிர்த்து வாக்களித்திருக்கிறார்கள். காலையில் எழுந்து பார்த்தால் சட்டம் வாபஸ். அந்த நாட்டு ஜனநாயகம் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் பேனாவில் எழுதியிருந்தேனே!

பக்கத்திலேயே நடந்தால் நோட்டோடு நிற்காது. 2022 மார்ச்சில் இலங்கையின் மேல் மாகாணத்தில் காகிதம் வாங்க டாலர் இல்லாமல் பள்ளித் தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள். "குடுத்து வச்ச பயலுக மாப்ள" என்றான் நண்பன். எல்லோரும் சிரித்தோம். அதே மாதம், கைக்குழந்தையோடு சேர்த்துப் பதினாறு பேர் படகில் வந்து தனுஷ்கோடிப் பக்கம் இறங்கினார்கள். மணல்திட்டில் நின்றவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து மண்டபம் முகாமில் சேர்த்தார்கள். அரிசி விலையும் பால்மாவு விலையும் தாங்காமல் கிளம்பி வந்தோம் என்றார்கள். எங்கள் ஊரிலிருந்து மண்டபத்துக்கு பஸ்ஸிலேயே போய்விடலாம். ஜூலையில் இலங்கை அதிபர் மாளிகை நீச்சல் குளத்தில் மக்கள் குதித்தபோது, அதிபர் முதலில் ஓடிய நாடு மாலத்தீவு, அடுத்து சிங்கப்பூர் என்று வரிசையாக எழுதிக்கொண்டோம். ஓடியவர் போன வழி கேள்வியில் வரும். படகில் வந்தவர்களின் வழி சிலபஸில் இல்லை.

நூலகத்துக்கு ஒரு பெரியவர் வருவார், ஓய்வுபெற்ற தபால்காரர். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தருவார். ஒருநாள் என்னிடம், "தம்பி, இந்த உக்ரைன் சண்டை எப்பத்தான்யா முடியும்?" என்றார். ஆரம்பித்த தேதி கேட்டிருந்தால் 2022 பிப்ரவரி 24 என்று சொல்லியிருப்பேன். முடிவதைக் கேட்கிறார். எங்கள் விடைத்தாளில் ஏ, பி, சி, டி போக 'ஈ' என்று ஐந்தாவது வட்டம் ஒன்று உண்டு. 'விடை தெரியவில்லை' என்று பொருள். அந்த வட்டத்தைக் கறுப்பாக்கும் யோக்கியதை எங்களுக்கு இருக்கிறது. டி.வி. விவாதத்துக்கு வரும் சர்வதேச அரசியல் நிபுணர்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள், மறந்தும் 'ஈ' பக்கம் போக மாட்டார்கள்.

பிறகு வரி வந்தது. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் போட்ட இறக்குமதி வரிப் பட்டியலில் ஹேர்ட், மெக்டொனால்ட் தீவுகளுக்கு 10 சதவீதம் என்று இருந்தது. அண்டார்டிகா பக்கம் இருக்கும் ஆஸ்திரேலியத் தீவுகள். மனிதர் எவரும் குடியில்லை, பென்குவின்கள் இருக்கின்றன. ஒரு வாரம் இதைச் சொல்லியே சிரித்தோம். ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் என்றார்கள். முதலில் 25, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25. கூட்டல் சுலபம் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளவும் சுலபம் என்று மகிழ்ந்தோம்.

அந்தச் சமயத்தில் திருப்பூரிலிருந்து மாமா போன் செய்தார். பனியன் கம்பெனியில் டெய்லர். "அமெரிக்கா ஆர்டரு நின்னுபோச்சு மாப்ள, ஓவர்டைம் கெடையாதுன்னுட்டாங்க. நீதான் உலகச் செய்தியெல்லாம் படிக்கிறியே, என்னதான் ஆச்சு?" என்றார்.

"ஆகஸ்ட் 27-லருந்து அமலுக்கு வந்துருச்சு மாமா" என்றேன்.

"தெரியும். சம்பளத்துலயே வந்துருச்சு" என்றார்.

ஆகவே, மாண்புமிகு அதிபர்களே, பிரதமர்களே! ஊர்ப் பெயரை மாற்றுங்கள், ராணுவச் சட்டம் போட்டு விடிவதற்குள் எடுங்கள். எத்தனை முறை ஆனாலும் அடித்து எழுதிக்கொள்கிறோம், அதற்குத்தான் படிக்கிறோம். வரியை மட்டும் பார்த்துப் போடுங்கள். போட்டே தீர வேண்டுமென்றால் பென்குவின்களுக்கே இன்னும் நாலு சதவீதம் கூட்டிப் போடுங்கள். அவற்றுக்கு ஓவர்டைம் கிடையாது.