டெல்லி டூர் சார்

எல்லாப் பள்ளியிலும் ஒரு சோஷியல் சார் உண்டு. ஆனால் எல்லா சோஷியல் சாரும் டூர் சார் ஆகிவிட முடியாது. அதற்கென்று தனி ஜாதக அமைப்பு வேண்டும். ஏழாம் வகுப்பில் டெல்லி சுல்தானியப் பாடத்தை மற்றவர்கள் ஒரு வாரத்தில் முடித்தால், இவர் அடிமை வம்சத்திலேயே இரண்டு வாரம் தங்குவார். ஆடிப் புழுக்கத்தில் ஸ்டாஃப் ரூமில் யாராவது நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டால் போதும், "டிசம்பர்ல டெல்லிக்கு வந்து பாருங்க மிஸ், பல்லு தந்தியடிக்கும்" என்பார்.

நான் சொல்வது விழுப்புரம் பக்கத்து ரகம். மற்ற மாவட்டங்களிலும் கிடைக்கிறார்கள். ரயில் நேரம் மட்டும் மாறும்.

இவருடைய பீரோவில் ஒரு பழுப்பு ஃபைல் இருக்கிறது. மேலே 'கல்விச் சுற்றுலா, புதுடெல்லி' என்று மார்க்கர் பேனாவில் எழுதியிருக்கும். பக்கத்தில் ஆண்டு மட்டும் பென்சிலில். அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் அட்டை மெலிந்துபோய், உள்ளே இருக்கும் இந்திய வரைபடம் லேசாகத் தெரியும்.

'டூர்' என்ற வார்த்தையை ஆபீஸ் காகிதத்தில் அண்டவிடமாட்டார். முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்குப் போகும் விண்ணப்பத்தில் அது 'பாடம் சார்ந்த களப்பயணம்'. பார்க்கப்போகும் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே, அது எந்தப் பாடத்தில் வருகிறது என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில்தான் அவருடைய மேதைமை கொடி கட்டிப் பறக்கிறது. குதுப்மினார் வரலாறு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதன் வளாகத்தில் ஆயிரத்தறுநூறு வருஷமாகப் பெரிதாகத் துருப்பிடிக்காமல் நிற்கும் இரும்புத் தூண் வேதியியல். ஜந்தர் மந்தர் கோணவியல். மெட்ரோ ரயில் மின்காந்தவியல். தாஜ்மஹால் சமச்சீர்த்தன்மை. பாலிகா பஜாரில் பேரம் பேசுவது பொருளியல். ஏமாந்து திரும்பினால் நுகர்வோர் உரிமை. டிசம்பர் பனிமூட்டத்தில் ரயில் தாமதமாகும் என்று யாரோ பயமுறுத்தியபோது அசராமல் அதையும் புவியியலில் சேர்த்துவிட்டார்.

தமிழ் மிஸ்ஸுக்குத் தன் பாடம் விடுபட்டதில் வருத்தம். அன்று மாலையே ஆர்.கே.புரம் மலை மந்திர் பட்டியலில் ஏறியது. குன்றின்மேல் சுவாமிநாதர் எழுந்தருளியிருக்கிறார். எதிர்க் கட்டத்தில் 'திருமுருகாற்றுப்படை, திருவேரகம்'. மிஸ் மனம் குளிர்ந்தார். பி.இ.டி. சார் மட்டும், "உடற்கல்விக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"லக்கேஜ் இருக்கே சார்!"

திட்டத்தின் உயிர்நாடி திங்கட்கிழமை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குக் கிளம்பி மூன்றாம் நாள் காலையில் புதுடெல்லி சேரும். சனிக்கிழமை ஏறினால் திங்கட்கிழமை இறங்க வேண்டும். திங்களன்று செங்கோட்டை மூடல். தேசிய அருங்காட்சியகம் மூடல். ரயில் மியூசியம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாம் மூடல். சரி, ஆக்ராவைக் கடைசியில் வைக்கலாம் என்றால் வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் மூடல். இந்த இரண்டு கிழமைகளுக்கு நடுவே சார் நடத்தும் காய்நகர்த்தலைப் பார்த்தால் விஸ்வநாதன் ஆனந்த் எழுந்து நின்று கைகொடுப்பார். திங்களன்று குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும். சாயங்காலம் இந்தியா கேட். "42 மீட்டர் உயரம் சார், அதுக்கு ஏது லீவு?"

அவராலும் வெல்ல முடியாதது நாடாளுமன்றம். பத்தாம் வகுப்புக் குடிமையியலில் மத்திய அரசு ஒரு முழுப் பாடம். அவையை நேரில் காட்டாமல் எப்படி? ஆனால் அரையாண்டு விடுமுறை பிறக்கும்போது குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் முடிந்திருக்கும். பிள்ளைகளுக்கு லீவு விடும் நேரம் பார்த்து எம்.பி.க்களும் ஊருக்குப் போய்விடுகிறார்களே என்பது அவருடைய நிரந்தரக் குறை. இதில் 2023-இல் புதுக் கட்டடம் வேறு வந்துவிட்டது. 144 தூண்களோடு வட்டமாக இருந்த பழைய கட்டடத்தைக் கரும்பலகையில் காம்பஸ் இல்லாமலே போடுவார். இப்போது முக்கோணம் போடச் சொன்னால் கை ஒத்துழைக்கவில்லை.

டிக்கெட் தனிப் புராணம். அறுபது நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும். கல்விச் சுற்றுலாவுக்கு ஸ்லீப்பரில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு; அதற்குத் தலைமையாசிரியர் சான்று, பெயர்ப்பட்டியல், முத்திரை எல்லாம் வேண்டும். பட்டியலை ஐந்து நகல் எடுத்து, கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் எந்த நேரத்தில் நல்ல மனநிலையில் இருப்பார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்திருக்கிறார். முகமது பின் துக்ளக் தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றியதைப் பற்றி ஊரே சிரிக்கும், இவர் சிரிப்பதில்லை. "கன்செஷன் ஃபாரம் இல்லாம, பெற்றோர் ஒப்புதல் இல்லாம, அவ்வளவு பேரைக் கூட்டிட்டுப் போனான் பாருங்க!"

பெற்றோர் கூட்டத்தில்தான் துக்ளக்கின் அருமை புரியும். ஐநூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டி, "இந்தச் செங்கோட்டையைத்தான் உங்க பிள்ளை நேர்ல பார்க்கப் போறான்" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அதைப் பார்க்க, இதுமாதிரி எத்தனை செங்கோட்டை தரணும் சார்?"

தொகையைச் சொன்னதும் கூட்டத்தில் பாதி உட்கார்ந்துவிட்டது. மீதியில் ஒரு பாட்டி, "ஏஞ் சாமி, அங்க சப்பாத்தியத்தான் போடுவாங்களாமே, எம் பேரன் சோறு இல்லாம தூங்க மாட்டானே?" என்றார். சார் ஃபைலைப் புரட்டினார். புளியோதரை முதல் இரவுக்கு, எலுமிச்சை சாதம் மறுநாள் காலைக்கு, நாக்பூர் தாண்டினால் தக்காளித் தொக்கு. டெல்லியில் இறங்கியதும் கூடவே வரும் சமையல்காரர். எந்த ஸ்டேஷனுக்கு எந்தப் பொட்டலம் என்று வரைபடமே இருந்தது. பாட்டி கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தார்.

ஒரு பையன் கேட்டான்: "சார், குதுப்மினார் உச்சிக்கு ஏறலாமா?" சாரின் குரல் மாறியது. 1981 டிசம்பரில் அதன் படிக்கட்டில் விளக்கு அணைந்து, இருட்டில் நெரிசல் ஏற்பட்டு நாற்பத்தைந்து பேர் இறந்தார்கள். நிறையப் பேர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு யாரையும் மேலே விடுவதில்லை. சொல்லி முடித்ததும் எதிரே இருந்த பிள்ளைகளை விரலால் எண்ணினார். காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் எண்ணுவார், கல்யாணப் பந்தியிலும் எண்ணுவார். அந்தப் பழக்கத்தை மட்டும் நான் கேலி செய்யமாட்டேன்.

இவ்வளவு விவரம் சொல்கிறாரே, எத்தனை தடவை போயிருப்பார் என்று பி.இ.டி. சாருக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. கேட்டார்.

"எங்க சார்? நானே பிள்ளைங்களோடதானே போகணும்னு இருக்கேன்!"

குதுப்மினார் வாசலில் எந்தப் பக்கம் கழிப்பறை என்று அறிந்த மனிதர், ஆந்திர எல்லையைத் தாண்டியதில்லை. டெல்லி முழுவதையும் பாடநூல், ரயில்வே டைம்டேபிள், கூகுள் மேப் மூன்றையும் வைத்தே கட்டி எழுப்பியிருக்கிறார். புதுடெல்லியை வடிவமைத்த லுட்யன்ஸுக்குக்கூடக் களத்தில் ஆள் இருந்தது.

டிசம்பர் நெருங்கும்போது கதை வழக்கமான தடத்துக்குத் திரும்பும். பெயர் கொடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று பின்வாங்கும். கூட வர ஒப்புக்கொண்ட மிஸ் வீட்டில் வளைகாப்பு வந்து நிற்கும். அனுமதிக் கடிதத்தில் ஒரு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஓலை வரும். கடைசியில் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்புவார்.

"சார், உட்காருங்க. டெல்லி எங்கேயும் ஓடிடாது. இந்த வருஷம் செஞ்சிக் கோட்டைக்குப் போயிட்டு வந்துடலாம். ஒரே நாள், ஒரே பஸ். யுனெஸ்கோ பட்டியல்ல வேற சேர்த்துட்டாங்க."

சார் ஃபைலைத் திறக்கமாட்டார். ஆனால் முகம் வாடுவது ஒரு நிமிஷம்தான். பிறகு அந்தக் கட்டம் தலைக்குள் வேலை செய்யத் தொடங்கும். மராட்டிய ராஜாராம் செஞ்சிக்குள் இருந்தார். ஔரங்கசீப்பின் படை வந்து வெளியே உட்கார்ந்தது. எட்டு வருஷம் முட்டி மோதி 1698-இல்தான் கோட்டை விழுந்தது. ஏழாம் வகுப்பு, முகலாயப் பேரரசு.

"ஆகட்டும் சார்" என்று எழுந்தவர் கதவருகே திரும்பினார். "டெல்லிக்காரனே எட்டு வருஷம் காத்திருந்துதான் உள்ள வந்திருக்கான். நோக்கம்ங்கிற இடத்துல, 'டெல்லிக் களப்பயணத்துக்கான முன்தயாரிப்பு'ன்னு போட்டுக்கலாமா?"